பச்சை வாளி, நீல வாளி: வாசலுக்கு வரும் குப்பை வண்டி எப்படி இருக்கிறது?

தாமிரபரணிக் கரையில் இருக்கும் எங்கள் பேரூராட்சியில் தெருமுனைத் தொட்டிகளை எடுத்துவிட்டு, வீட்டு வாசலிலேயே குப்பையைப் பிரித்து வாங்கும் ஏற்பாடு வந்து ஒரு கோடையும் ஒரு வடகிழக்குப் பருவமழையும் கடந்துவிட்டன. நல்ல திட்டம், நிற்காமல் நடக்க வேண்டிய திட்டம். அதில் உள்ள குறைகளை ஒவ்வொன்றாகத் துருவிப் பார்த்தால் எல்லாம் ஈரத்தில்தான் வந்து நிற்கின்றன. ஈரக் குப்பை தனியாகவும் காய்ந்த குப்பை தனியாகவும் கடைசி வரை போய்ச் சேர்ந்தால் இரண்டுக்கும் விலை உண்டு. வழியில் எங்கேயாவது இரண்டும் கலந்துவிட்டால் அத்தனையும் குப்பைமேட்டுக்குத்தான்.

மக்கும் குப்பைக்குப் பச்சை வாளி, தினமும் காலை ஆறரைக்கு மேல். மக்காத குப்பைக்கு நீல வாளி, புதன்கிழமை மட்டும். பெரிய தெருக்களுக்குப் பேட்டரி வண்டி, சந்துகளுக்குத் தள்ளுவண்டி. விசில் சத்தம் கேட்டதும் வாளியை வாசலுக்குக் கொண்டுவர வேண்டும். மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு என்று மூன்றாகப் பிரித்துக் கொடுப்பது 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே இருந்தது. ஊர் இப்போதுதான் அதற்குப் பழகுகிறது.

முதலில் வண்டியைப் பற்றி. பேட்டரி வண்டியின் பின்பெட்டியை நடுவில் ஒரு தகரத் தடுப்பு இரண்டாகப் பிரிக்கிறது. அந்தத் தடுப்பு பெட்டியின் பாதி உயரத்துக்குத்தான் இருக்கிறது. சாதாரணப் புதன்கிழமையில் இது போதும். அன்றே முகூர்த்தமும் சேர்ந்து வாழை இலையும் பந்திக் கழிவும் வந்துவிட்டால் நாலாவது தெரு தாண்டுவதற்குள் பச்சைப் பக்கம் நிரம்பித் தடுப்புக்கு மேலே வழிகிறது. அந்தப் பக்கம் கிடக்கும் அட்டைப்பெட்டி குழம்புத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. காய்ந்த அட்டையைக் கிலோ கணக்கில் எடுத்துக்கொள்ளும் பழைய பேப்பர் கடைக்காரர் நனைந்த அட்டையைத் தொட மாட்டார். “நாங்க பிரிச்சுக் குடுத்தா வண்டியில ஒண்ணாத்தானே போடுதாங்க” என்று தெருவில் பேச்சு வருவதும் இதைக் கண்ணால் பார்த்துத்தான். அந்தப் பேச்சு பரவிவிட்டால் மறுவாரமே பாதி வீடுகள் பிரிப்பதை விட்டுவிடும்.

சரிசெய்வது கஷ்டமில்லை. தடுப்பின் மேல் இன்னொரு தகரம் வைத்துப் பற்றவைத்துப் பெட்டியின் விளிம்பு வரை உயர்த்திவிடலாம். பக்கவாட்டில் கொக்கி அடித்து இரண்டு சாக்குகள் தொங்கவிட்டால் பேப்பர் ஒன்றிலும் பால் கவர் மற்றொன்றிலும் போய்விடும். மழைக்கு மேலே ஒரு தார்ப்பாய் கட்டாயம் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் திறந்த பெட்டியோடு வண்டி ஓடியதால் நீலப் பக்கத்தில் வந்த பேப்பர் பெரும்பாலும் வீணாகப் போனது.

இதில் தள்ளுவண்டியை மெச்ச வேண்டும். அதில் தனித்தனியாகத் தூக்கி எடுக்கும் வாளிகள் இருப்பதால் ஒன்று வழிந்தாலும் மற்றொன்றில் விழுவதில்லை. சந்துகளிலிருந்து வரும் உலர் குப்பை பெரிய தெருக் குப்பையைவிடச் சுத்தமாக இருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இனி வீட்டில் செய்ய வேண்டியது. பச்சை வாளிக்குள் காய்கறிக் கழிவு, மிஞ்சிய சோறு, பழத்தோல், பூ, டீத்தூள் சக்கை, முட்டை ஓடு, மீன் செதில், எலும்பு எல்லாம் போகலாம். வடிகஞ்சியும் சாம்பாரும் போகக் கூடாது. உரக் குவியலில் ஈரம் நூற்றுக்கு 50 முதல் 60 வரை இருந்தால் அது மூச்சுவிட்டு மக்கும். அதைத் தாண்டினால் காற்று நுழைய இடமில்லாமல் அழுகத் தொடங்கும். நாற்றமும் புழுவும் அதில்தான் வருகின்றன. குழம்பை வடிகட்டிவிட்டுச் சக்கையை மட்டும் போடுங்கள். வாளியின் அடியில் ஒரு தாள் செய்தித்தாள் விரித்தால் கசிவை அது வாங்கிக்கொள்ளும், வாளி கழுவுவதும் சுலபம். கவரில் கட்டிப் போடவே வேண்டாம். உரக்கூடத்தில் ஒவ்வொரு கவரையும் தூய்மைப் பணியாளர் கையால் கிழித்துத்தான் கொட்ட வேண்டியிருக்கிறது. அந்தக் கவருக்குள் உடைந்த கண்ணாடி டம்ளரும் கிடக்கலாம்.

தேங்காய்ச் சிரட்டை, கதம்பை (தேங்காய் மட்டை), இளநீர்க் கூடு, நுங்குக் கூடு ஆகியவற்றுக்குத் தனிச் சாக்கு வைப்பது நல்லது. இவையும் மக்கும்தான், ஆனால் உரக்கூடத்தின் கணக்குக்குள் வராது. கதம்பை நார் அரவை இயந்திரத்தின் தண்டில் சுற்றிக்கொண்டால் இயந்திரத்தை நிறுத்தி, கத்தியால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். சிரட்டை அதே தொட்டியில் மூன்று முறை உரம் எடுத்த பிறகும் போட்டபடியே கிடக்கும். கரி சுடுகிறவர்கள் சிரட்டையை வாங்கிக்கொள்வார்கள், அவர்களுக்குக் கொடுப்பதே மேல்.

நம் பக்கத்து வீடுகளுக்கே உரிய ஒன்று பீடி இலை நறுக்கு. சுளவை (முறத்தை) மடியில் வைத்துப் பீடி சுற்றும் வீடுகளில் இலை வெட்டிய மிச்சம் தினமும் சேரும். அதைப் பச்சை வாளிக்குள் கொட்டாமல் காய்ந்தபடியே ஒரு பையில் கொடுத்தால் உரக்கூடத்துக்குப் பெரிய உதவி. ஈரக் குப்பையோடு சேர்க்கச் சருகு தேடி அலைகிறார்கள், இந்த நறுக்கு அந்த வேலையை அப்படியே செய்கிறது. புகையிலைத் தூளையும் நூலையும் லேபிளையும் மட்டும் அதில் கலக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உரக்கூடம் ஊர்க் கடைசியில் இருக்கிறது, துளை விட்டுக் கட்டிய செங்கல் தொட்டிகள். மூன்று கூடை ஈரக் குப்பைக்கு ஒரு கூடை சருகு, மேலே சாணிக் கரைசல், மறுபடி குப்பை என்று அடுக்குகிறார்கள். ஒழுங்காக அடுக்கிய தொட்டி மூன்று நான்கு நாளில் 55 டிகிரிக்கு மேல் சூடேறும். ஒரு இரும்புக் கம்பியை நடுவில் செருகி, பத்து நிமிடம் கழித்து உருவித் தொட்டால் கை தாங்காது. நோய்க்கிருமியும் களை விதையும் சாவது அந்தச் சூட்டில். கம்பி வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால் ஈரம் கூடியிருக்கிறது அல்லது சருகு குறைந்திருக்கிறது என்று அர்த்தம். வாரம் ஒரு முறை கிளறி விட்டால் 45 முதல் 60 நாளில் உரமாகும். கோடையில் தொட்டிகள் இந்தக் கணக்கில்தான் நடந்தன. மழைக்காலத்தில் சாரல் அடித்து, சருகும் நனைந்து, தொட்டிகள் ஆறிப்போயின. கூரையின் இறவாரத்தை இன்னும் மூன்றடி நீட்டி, சித்திரை வைகாசியிலேயே சருகைச் சாக்கில் கட்டி வைத்துக்கொண்டால் அடுத்த மழைக்கு இந்தத் தொல்லை வராது.

நீல வாளியில் அதிகம் கெட்டுப்போவது பால் கவர். பாலோடு சேர்ந்து மூன்று நாள் கிடந்தால் கூட இருக்கும் பேப்பரையும் நாறடித்துவிடும். கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி, கொடியில் கவ்விப் போட்டுக் காயவைத்தால் போதும். வெட்டும்போது முனையை முழுதாக நறுக்கி எடுக்காதீர்கள். பாதி வெட்டி, அந்த முக்கோணம் கவரோடு தொங்கும்படி விடுங்கள். நகக்கண் அளவுள்ள அந்தத் துண்டுகளை யாராலும் பொறுக்க முடியாது. பச்சை வாளிக்குள் விழுந்து, உரத்துக்குள் போய், வயலில் கிடக்கும்.

தண்ணீர் பாட்டிலை நசுக்கி மூடியைத் திருகிக் கொடுக்கலாம். காகித டீக் கப் பேப்பரோடு சேராது, உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. அல்வா வாங்கிய பொதியின் பட்டர் பேப்பரும் நெய் ஊறியதால் பேப்பர் கணக்கில் வராது. சிப்ஸ் பாக்கெட், ஷாம்பு சாஷே போன்ற பல அடுக்கு உறைகளைப் பழைய பொருள் கடையில் எடுப்பதில்லை. அவை சிமெண்ட் ஆலைச் சூளைக்கு எரிபொருளாகப் போகக்கூடியவை, அங்கேயும் காய்ந்திருந்தால்தான் ஏற்பார்கள். அதனால் அவற்றையும் நீல வாளியிலேயே போடுங்கள், அடுப்பில் போட்டு எரிக்காதீர்கள். பிளாஸ்டிக் கேரி பேக் போன்ற ஒரு முறை பயன்படுத்தும் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருந்தும் புதன்கிழமை வாளிகளில் அவை இன்னும் குறையவில்லை.

வாரம் ஒரே நாள் என்பது நீல வாளிக்குப் போதாது. புதன்கிழமை தவறவிட்ட வீட்டில் 14 நாள் குப்பை சேர்கிறது. சின்ன வீட்டுக்காரர்கள் அதை எங்கே வைப்பார்கள்? கால்வாய்க்கரைக்குத்தான் போகிறது. சனிக்கிழமையும் ஒரு நடை விட வேண்டும். காலை நேரமும் எல்லோருக்கும் தோதாக இல்லை. குழாயில் தண்ணீர் வரும் நேரமும் வண்டி வரும் நேரமும் ஒன்றாக இருக்கின்றன. வேலைக்குப் போகிற வீடுகளில் வாளியை வாசலில் வைத்துவிட்டுப் போக, நாய் உருட்டிவிடுகிறது. மூடியுள்ள வாளியை நாலடி உயரத்தில் கொக்கி அடித்து மாட்டுவது இப்போதைக்கு உதவும். அந்தத் தெருக்களுக்கு மாலை நடை ஒன்று விடுவதே சரியான தீர்வு.

குழந்தைகளின் டயப்பர், சானிட்டரி நாப்கின் ஆகியவற்றைச் செய்தித்தாளில் நன்றாகச் சுற்றி, சிவப்புப் பேனாவால் ஒரு குறி போட்டுத் தனியாகக் கொடுக்க வேண்டும். டயப்பருக்குள் இருக்கும் தூள் தண்ணீரை இழுத்துப் பலமடங்கு உப்பும். கால்வாயில் எறிந்த டயப்பர் குளத்து மடையில் போய் உட்கார்ந்தால், தண்ணீர் திறக்கும் நாளில் கையளவு இருந்தது தலையணைபோல் உப்பிக் கதவோரம் அடைத்துக்கொண்டிருக்கும். அதை இறங்கி எடுப்பதும் ஒரு மனிதர்தான்.

சி.எஃப்.எல். பல்பு, டியூப்லைட், பேட்டரி, காலாவதி மாத்திரை எல்லாம் அபாயக் கழிவு. இன்சுலின் ஊசியைத் தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி கொடுங்கள். இதற்கு மாதம் ஒரு நாள்தான் வண்டி, அந்தத் தேதியும் முன்கூட்டித் தெரிவதில்லை. 2024 டிசம்பரில் நம் திருநெல்வேலி மாவட்டத்து நடுக்கல்லூர், கோடகநல்லூர் பக்கம் கேரளத்திலிருந்து கொண்டுவந்து கொட்டிய மருத்துவக் கழிவு, தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவுக்குப் பிறகுதான் திரும்பிப் போனது. அப்போது கொதித்த மாவட்டம் இது. நம் வீட்டு ஊசியை நாமே தெருவில் விடலாமா?

கல்யாண மண்டபங்கள் தனிக் கதை. நாளொன்றுக்குச் சராசரி 100 கிலோவுக்கு மேல் குப்பை வரும் இடம் விதிப்படி மொத்தக் குப்பை உருவாக்குபவர், அதாவது வீட்டுக் கணக்கில் சேராத பெரிய இடம். வீட்டு வண்டியில் பந்தி இலையை ஏற்றுவதால்தான் மேலே சொன்னபடி பச்சைப் பக்கம் நிரம்பித் தடுப்புக்கு மேலே வழிகிறது. உரிமம் இல்லாத இடத்தில் 100 பேருக்கு மேல் கூட்டி விசேஷம் வைப்பவர்கள் மூன்று வேலை நாளுக்கு முன்பே உள்ளாட்சிக்குச் சொல்ல வேண்டும். சொன்னால் தனி வண்டி அனுப்ப முடியும்.

கடைசியாக, உரம். உரக்கூடத்தில் கேட்டால் கொடுக்கிறார்கள். கைப்பிடி அள்ளி இறுக்கிப் பாருங்கள்: தண்ணீர் சொட்டக் கூடாது, கையைத் திறந்தால் உதிர வேண்டும், மழை பெய்த மண் வாசம் வர வேண்டும். நகர உரத்துக்கான தரப்படி நூற்றுக்கு 90 பங்கு 4 மில்லிமீட்டர் சல்லடையில் இறங்க வேண்டும். இங்கே இருக்கும் சல்லடை அதைவிடப் பெரிய கண். உரத்தில் கண்ணாடிச் சில்லும் பால் கவர் முனையும் இன்னும் தென்படுகின்றன. நாற்று நடுகிறவர்கள் வெறுங்காலோடு இறங்கும் வயலுக்கு இதை வாங்க வேண்டாம். தென்னைக்கும் பூச்செடிக்கும் தாராளமாகப் போடலாம். சல்லடையை மாற்றிய பிறகு வயலுக்கும் எடுக்கலாம்.