மலையகம் சுற்ற ஆப் வண்டியா, ஹயர் வண்டியா?

கண்டி டவுனுக்குள் போனில் கூப்பிடும் ஆப் வண்டி, டவுனைத் தாண்டினால் டிரைவரோடு நாள் வாடகைக்கு எடுக்கும் ஹயர் வண்டி. வெளிநாட்டிலிருந்து இலங்கை மலையகம் பார்க்க வரும் சொந்தக்காரர்கள் யார் கேட்டாலும் நான் இப்போது சொல்வது இதைத்தான். தமிழ்நாட்டுக் கூடலூரிலிருந்து சித்தப்பா குடும்பம் வந்தபோது இரண்டிலும் போய்ப் பார்த்துவிட்டு எடுத்த முடிவு இது. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியா போன குடும்பம் அது. சின்ன வயதில் விட்டுப் போன தோட்டத்தை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்பது சித்தப்பாவின் ஆசை. மகன் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான், எங்கே போவதென்றாலும் போனில் வண்டி கூப்பிட்டுப் பழகியவன். "இங்கேயும் ஆப் இருக்குல்ல அண்ணே, எதுக்கு நாள் வாடகை?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான்.

ஆப்பில் என்ன நல்லது என்பது எல்லோருக்கும் தெரியும். இலங்கையில் பிக்மி, ஊபர் ஆப்கள் இரண்டும் 2015இல் தொடங்கின. கொழும்பிலும் கண்டியிலும் கூப்பிட்டால் சீக்கிரம் ஆட்டோ வந்துவிடும். ஏறும் முன்பே தொகை தெரியும், பேரம் இல்லை, சிங்களம் தெரியாதவர்களும் வழி சொல்லித் தடுமாற வேண்டியதில்லை. தலதா மாளிகையிலிருந்து பேராதனைப் பூங்காவுக்குப் போக இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது. வந்திறங்கியதும் விமான நிலையத்திலேயே ஓர் உள்ளூர் சிம் வாங்கிப் போட்டுக்கொண்டால் போதும்.

மலை ஏறியதும் கணக்கு மாறுகிறது. எந்த ஆப் என்பதல்ல விஷயம், திரும்பி வருவதுதான். போவதற்கு எப்படியாவது ஒரு வண்டி கிடைத்துவிடும். ஹட்டன் டவுனிலிருந்து மஸ்கெலியா பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போக ஆப்பில் போட்டோம். டிரைவர் உடனே போன் பண்ணி, "எங்க போகணும்?" என்றார். தோட்டத்தின் பெயரைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அண்ணே, எறக்கி விட்டுட்டு வெறும் வண்டியாத்தான் திரும்பணும். ரெண்டு பக்கக் காசும் தந்தா வாரேன்" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆப் காட்டுவது போகும் தூரத்துக்கான காசு. கொழும்பில் ஓர் ஆளை இறக்கிய இடத்திலேயே அடுத்த ஆள் ஏறுவார். தோட்டத்தின் ஒரு பிரிவான கீழ் டிவிஷனில் யார் ஏறப்போகிறார்கள்? வளைந்து வளைந்து ஏறும் ரோட்டில் வெறும் வண்டியாகத் திரும்புவதற்கான பெட்ரோல் அவர் கைக்காசு.

சரி, இரண்டு பக்கக் காசும் கொடுத்துப் போய்விட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். அங்கிருந்து திரும்ப யாரைக் கூப்பிடுவது? மெயின் ரோட்டை விட்டுத் தேயிலை மலைக்குள் இரண்டு வளைவு இறங்கியதுமே சித்தப்பா மகனின் போனில் சிக்னல் போய்விட்டது. மேட்டில் ஏறி நின்றால் ஒரு கோடு வரும், வண்டி தேடும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், பக்கத்தில் ஒரு வண்டியும் காட்டாது. பின்னேரம் மழையும் பனிமூட்டமும் இறங்கிவிட்டால் வயதானவர்களை வைத்துக்கொண்டு அந்த வட்டத்தைப் பார்த்து நிற்க முடியாது.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. தோட்டத்துக்குப் போனால் எப்போது கிளம்புவோம் என்று யாராலும் சொல்ல முடியாது. மறுநாள் ஹயர் வண்டியில் போனபோது, சித்தப்பா பிறந்த லயத்தை, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டைத் தேடி, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களம் வரை நடந்தோம். பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்த ஓர் அம்மா தாத்தாவின் பெயரைக் கேட்டதும், "எங்க அப்பாவோட ஒரே கொந்தரப்புல (காண்ட்ராக்டில்) வேலை செஞ்சவருல்ல!" என்று சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு பிளேன் டீ, அப்புறம் ரொட்டி, தேங்காய்ச் சம்பல், மாரியம்மன் கோயில், பக்கத்து லயத்தில் இரண்டு வீடுகள். டிரைவர் களத்து ஓரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். அவர் அந்தப் பக்கத்து ஆள். தோட்டத்து கேட்டில் காவலுக்கு நின்றவரிடம் அவர் பேசியதால்தான் வண்டி உள்ளேயே போனது. மேப்பில் ஒரு பெயரும் ஜனங்கள் வாயில் இன்னொரு பெயருமாக இருக்கும் டிவிஷனையும் அவர்தான் கண்டுபிடித்தார்.

காசிலும் நினைத்த அளவு வித்தியாசம் இல்லை. ஆப் காட்டும் தொகையை இரண்டு மடங்காக்கி, காத்திருக்கும் காசையும் சேர்த்தால் நாள் வாடகைக்குக் கிட்ட வந்துவிடும். ஐந்து பேர் என்றால் ஒரு காரில் அடங்காது, இரண்டு வண்டி வேண்டும். வேன் ஒன்றே போதும்.

ஹயரிலும் கவனிக்க வேண்டியது உண்டு. ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர், அதற்கு மேல் போனால் கிலோமீட்டருக்கு எவ்வளவு, தங்கினால் டிரைவர் சாப்பாடும் படுக்கையும் யார் பொறுப்பு, பார்க்கிங் காசு யாருடையது என்று முதல் நாளே பேசிவிட வேண்டும். கொமிஷனுக்காக வாசனைத் திரவியத் தோட்டம், தேயிலைக் கடை என்று கூட்டிப்போவார்கள். வேண்டாம் என்றால் ஏறும்போதே சொல்லிவிடுங்கள். தொகை பேசும் முன் அதே தூரத்தை ஆப்பில் போட்டுப் பார்ப்பது நல்லது, பேசுவதற்கு ஒரு பிடிமானம் கிடைக்கும்.

ஸ்டாண்டில் நிற்கும் ஆட்டோ கிட்டத்துப் பயணத்துக்குச் சரி. நுவரெலியா டவுனிலிருந்து சீத்தா எலியா கோயிலுக்குப் போய்வர அதுவே போதும், காத்திருப்பதையும் சேர்த்து ஒரே தொகையாகப் பேசிக்கொள்ளலாம். ரயிலை நான் இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை. நானுஓயாவிலிருந்து பட்டிப்பொல வழியாக எல்லவுக்குப் போகும் பாதையை யாரும் தவறவிடக் கூடாது. ஆனால் நானுஓயாவில் இறங்கினால் நுவரெலியா இன்னும் 8 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது, அங்கேயும் வண்டி வேண்டும்.

எல்ல, பதுளைப் பக்கம் எனக்குப் பழக்கம் குறைவு. இங்கே நான் சொல்வதெல்லாம் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா வட்டாரத்தை வைத்துத்தான். தனி ஆளாக, பை ஒன்றோடு டவுன் டவுனாகப் போகிறவருக்கு நாள் வாடகை வீண் செலவு. அவருக்கு பஸ்ஸும் ஆப்பும் போதும்.

ஹோட்டன் சமவெளிக்குப் போவதாக இருந்தால் முதல் நாள் இரவே வண்டி உறுதியாகியிருக்க வேண்டும். காலை 6 மணிக்கு கேட் திறக்கும்போது அங்கே நின்றால்தான் உலக முடிவு என்னும் செங்குத்து மலை விளிம்பைப் பனி மூடும் முன் பார்க்கலாம். விடியும் முன் ஆப்பில் வண்டி தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. ஏப்ரலில் நுவரெலியா சீசன், டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே வெசாக் வரை சிவனொளிபாதமலை சீசன். அந்த மாதங்களில் வருகிறவர்கள் டிக்கெட் போட்ட கையோடு இங்கே இருக்கும் சொந்தக்காரருக்கு ஒரு போன் போட்டு, தெரிந்த வேன்காரரிடம் நாளைச் சொல்லி வைக்கச் சொல்லுங்கள்.