சோராஃபெனிப்பா, லென்வாட்டினிப்பா?

பெரியம்மாவின் தைரொயிட் புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவி, கதிரியக்க அயடினுக்கும் மசியவில்லை. மகரகம கிளினிக்கில் பேச்சில் அடிபட்டவை இந்த இரண்டு மருந்துகளின் பெயர்களும்தான். "பதினெட்டு மாதம் பெரிசா, பத்து மாதம் பெரிசா?" என்று வெள்ளவத்தை வீட்டில் மச்சான் கணக்கை முடித்துவிட்டார். அது அவ்வளவு லேசான கணக்கில்லை.

சோராஃபெனிப்பைச் சோதித்த டிசிஷன் ஆய்வில் 417 பேர். பாதிப் பேருக்கு நோய் 10.8 மாதம் வரை வளராமல் நின்றது. வெற்றுக் குளிசை எடுத்தவர்களுக்கு 5.8 மாதம். லென்வாட்டினிப்பின் செலெக்ட் ஆய்வில் 392 பேர்; அங்கே 18.3 மாதம், வெற்றுக் குளிசைக்கு 3.6. இந்த 5.8ஐயும் 3.6ஐயும் பாருங்கள். மருந்தே இல்லாதவர்களிடம்கூட நோய் ஒரே வேகத்தில் ஓடவில்லை. செலெக்டில் இதே வகை மருந்தொன்றை முன்பே எடுத்தவர்களையும் சேர்த்தார்கள், டிசிஷனில் சேர்க்கவில்லை. ஆக, 18ஐயும் 10ஐயும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

சரி, கட்டி கணிசமாகச் சுருங்கியவர்கள்? சோராஃபெனிப்பில் 12 வீதம், லென்வாட்டினிப்பில் 65 வீதம். ஆட்கள் வேறு என்று சொல்லி இவ்வளவு பெரிய இடைவெளியைத் தட்டிவிட முடியாது. என் ஓட்டு லென்வாட்டினிப்புக்கு.

ஆனால் அது சாதுவான மருந்தல்ல. முக்கால்வாசிப் பேருக்குக் கிட்ட பிரஷர் ஏறியது; மூன்றில் இரண்டு பங்கினருக்கு அளவைக் குறைக்க வேண்டி வந்தது; மருந்தெடுத்த 261 பேரில் 6 பேரின் மரணத்தை மருந்தோடு தொடர்புபடுத்தினார்கள். 24 மில்லிகிராமுக்குப் பதில் 18இல் தொடங்கிப் பார்த்த ஆய்வும் உண்டு: ஆறு மாதத்துக்குள் பலன் கிடைத்தவர்கள் 57 வீதத்திலிருந்து 40க்கு இறங்கினார்கள். முழு அளவில் தொடங்கி, தாங்காவிட்டால் குறைப்பதே மேல்.

சோராஃபெனிப்பின் தொல்லை கையிலும் காலிலும்: நாலில் மூன்று பேருக்குத் தோல் சிவந்து உரிந்தது. கிளினிக் வாங்கில் பக்கத்தில் இருந்த கொட்டாஞ்சேனை அக்கா தையல் வேலை செய்பவர். விரல் நுனியைக் காட்டி, "ஊசி பிடிக்கேலாது தம்பி" என்றார். அவருக்கு அதுதான் பெரிய கணக்கு.

இவை கைவிட்டால் கபோசாண்டினிப் என்று இன்னொரு மருந்து இருக்கிறது. அப்புறம், நோய் மெதுவாக நகர்ந்தால் எதையும் தொடங்காமல் பார்த்திருப்பதும் ஒரு வழி. பெரியம்மாவுக்கு அந்த அவகாசம் இருக்கவில்லை.

இப்போது லென்வாட்டினிப்பில் இருக்கிறார். காலை, மாலை பிரஷர் பார்த்துக் கொப்பியில் எழுதுகிறார். நேற்று மாலை 150/90. பக்கத்தில் அவரே சின்னதாக எழுதியிருந்தார்: "ஊறுகாய்."