குல்மார்க் கிளம்புகிறவர்கள் ஒரு நிமிடம் படியுங்கள்: 46,000 ரூபாய் போச்சு

நேற்று இரவுதான் ஈரோடு வந்து சேர்ந்தோம். பெட்டியைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. ஜனவரி, பிப்ரவரி பனிக்கு நிறையப் பேர் காஷ்மீரில் இருக்கும் குல்மார்க் போவீர்கள் என்பதால் முதலில் இதை எழுதிவிடுகிறேன். எங்களிடம் 46,000 ரூபாயை ஏமாற்றி வாங்கியவன் நம்ம ஊர்ப் பையன், தமிழ் பேசுகிறவன். அதுதான் இன்னும் ஆறவில்லை.

குல்மார்க்கில் நடந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளை டிவியில் பார்த்ததிலிருந்து என் மகனுக்குக் குல்மார்க்தான் பேச்சு. அம்மாவுக்கு வாழ்நாளில் ஒரு தடவை பனியைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். சோஷியல் மீடியாவில் தமிழில் ரீல்ஸ் போடும் ஒரு டிராவல் பக்கத்தில் விசாரித்தோம். ஸ்ரீநகரிலிருந்து வண்டி, குல்மார்க்கில் ஒரு இரவு ரூம், கொண்டோலா என்கிற கேபிள் காரில் இரண்டு கட்டமும், மகனுக்கு ஸ்கீ என்கிற பனிச்சறுக்குப் பயிற்சி, எல்லாம் சேர்த்து நான்கு பேருக்கு 46,000 என்றான் அந்தப் பக்கத்தை நடத்துகிறவன்.

நம்பிக்கை வந்தது ஒரு வீடியோ காலில். போனைத் திருப்பிக் காட்டினான். பின்னால் பனி, மேலே கொண்டோலா பெட்டிகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, "அம்மா, முழங்கால் வலின்னு அக்கா சொன்னாங்க. நீங்க ஒரு அடிகூட நடக்க வேண்டாம், எங்க அம்மாவ மாதிரி பாத்துக்கறேன்" என்றான். அம்மா போனை வைத்துவிட்டு, "நல்ல பையன்டி" என்றார். அன்றே முன்பணம் 20,000 போனது. அப்புறம், "கொண்டோலா டிக்கெட் ஓப்பன் ஆன உடனே தீந்துடும்க்கா, இப்பவே லாக் பண்ணணும்" என்று மீதி 26,000. சீசனில் டிக்கெட் சீக்கிரம் தீர்வது உண்மை. அந்த உண்மையை வைத்துத்தான் அவசரப்படுத்தினான்.

கிளம்பும் முந்தின இரவு க்யூஆர் கோடுடன் டிக்கெட் பிடிஎஃப் வந்தது. நான்கு பேர் பெயரும் சரியாக இருந்தது.

மலையடிவாரத்து டங்மார்க்கில் வாடகைக்கு கம்பூட்டும் கோட்டும் எடுத்து, சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டிய வண்டியில் மேலே போனோம். கொண்டோலா நுழைவாயிலில் ஸ்கேன் செய்தவர் இரண்டு தடவை பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அந்த க்யூஆர் கோடு வேறு யாரோ வேறு ஒரு நாளில் போய்வந்த டிக்கெட்டினுடையது. போனில் டிக்கெட்டைப் பெரிதாக்கி அவரே காட்டினார்: எங்கள் பெயர்கள் மட்டும் மற்ற எழுத்தைவிடக் கொஞ்சம் தடிமனாக, வரிசை தப்பி உட்கார்ந்திருந்தன. தேதியும் அப்படித்தான். பின்னால் வரிசை நிற்கிறது, அம்மா பூட்ஸோடு நடக்க முடியாமல் ஓரமாக ஒதுங்குகிறார். மகன் ஒரு வார்த்தை பேசவில்லை.

போன் செய்தேன். "நெட்வொர்க் பிரச்சனைக்கா, பத்து நிமிஷம்." அப்புறம், "நம்ம ஆள் கேட்டுக்கு வந்துட்டே இருக்கான்." யாரும் வரவில்லை. ரூம் இருப்பதாகச் சொன்ன ஹோட்டலில் எங்கள் பெயரில் பதிவே இல்லை. ஸ்கீ சொல்லித்தர வேண்டியவருக்கு இப்படி ஒரு ஏற்பாடே தெரியாது. ஸ்ரீநகரிலிருந்து எங்களை ஏற்றி வந்த டிரைவருக்கும் அவன் பணம் தரவில்லை. அந்த மனிதர்தான் அம்மாவைக் கைப்பிடித்து வண்டியில் ஏற்றி, இருட்டுவதற்குள் ஸ்ரீநகர் கொண்டுவந்து சேர்த்தார். காஷ்மீர்க்காரர்களைக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

இன்னொன்று. வெளிமாநில பிரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு மட்டும்தான். பணம் போனது என் கணவர் போனிலிருந்து. அது அங்கே செத்துக் கிடந்தது. உடனே வங்கியைப் பிடிக்க முடியாமல் போனதற்கு அதுவும் காரணம். இந்த விஷயத்தை அவன் முன்கூட்டி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

ரீஃபண்ட் கேட்டால், "ஏழு வேலை நாள் ஆகும்க்கா." மறுநாள் கேட்டால், "அக்கவுண்ட்ஸ் பாக்கற மேடம் லீவு." அப்புறம் 46,000 ரூபாய்க்குப் பதில் அடுத்த சீசனுக்குத் தள்ளுபடி கூப்பன் தருகிறேன் என்றான்! கோபத்தில் கொஞ்சம் சத்தம் போட்டேன். "அக்கா, மரியாதையா பேசுங்க" என்று சொல்லி பிளாக் செய்துவிட்டான். வங்கியில் கேட்டால், பணம் போன கணக்கு வேறு யாரோ பெயரில் இருக்கிறதாம். சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழைத்துப் புகார் பதிவு செய்திருக்கிறோம். இதுவரை ஒரு பைசா திரும்பவில்லை.

போகிறவர்களுக்கு விரிவாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. கொண்டோலா டிக்கெட்டை அரசு கேபிள் கார் கழகத்தின் இணையதளத்தில் நீங்களே உங்கள் அடையாள அட்டையைக் கொடுத்து எடுங்கள். காற்று பலமாக இருந்தால் அஃபர்வட் மலைக்குப் போகும் இரண்டாம் கட்டத்தை நிறுத்திவிடுவார்கள், "கட்டாயம் கூட்டிப்போவேன்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ரூமுக்குப் பணம் கட்டும் முன் ஹோட்டலுக்கே நேராகப் போன் செய்யுங்கள். ஒரு போஸ்ட்பெய்டு சிம்மாவது கையில் இருக்கட்டும். பணம் போனது தெரிந்த நிமிடமே 1930.

அந்தப் பக்கத்தில் இன்று காலையும் "பிப்ரவரி குல்மார்க், சில இடங்களே பாக்கி" என்று போட்டிருக்கிறான். கீழே ஒரு பெரியவர், "வயசானவங்க வரலாமா தம்பி?" என்று கேட்டிருக்கிறார். நான் அவருக்குப் போட்ட பதிலை அழித்துவிட்டார்கள். ஐயா, இதைப் படித்தால் தயவுசெய்து பணம் அனுப்பாதீர்கள்.