காண்டாமிருகத்தை எண்ணும் கமரா, கச்சான் காற்றில்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஒரே அச்சில் வார்த்து வேறு வேறு பெயரில் விற்கப்படும் நடுத்தர விலைக் காட்டுக் கமரா, எட்டு பென்டோர்ச் (AA) பற்றரியில் ஓடி, மரத்தில் கட்டிவிட்டால் விலங்கு கடக்கும்போது தானே படமெடுக்கும் அந்தக் கரும்பச்சைப் பெட்டி, திருகோணமலைக் காடுகளில் இரவு வேலைக்கு நம்பி வாங்கத் தக்கது. வைகாசி முதல் ஆவணி வரை பகல் வேலைக்கு அதை நம்பிவிட வேண்டாம்.

இப்படி ஒரு கருவியை எதை வைத்து அளப்பது? ஜாவா காண்டாமிருகத்தை வைத்துத்தான். வியட்நாமில் இருந்த கடைசி விலங்கு 2010இல் கொல்லப்பட்ட பிறகு, உலகில் அது எஞ்சியிருப்பது இந்தோனேசியாவின் உஜுங் குலோன் தேசியப் பூங்காவில் மட்டுமே. ஏறத்தாழ 50தான் மிஞ்சியிருக்கும் என்பது அண்மைய மதிப்பீடு. அடர்ந்த காட்டுக்குள் நேரில் காண்பதே அரிது என்பதால், அங்கே பத்தாண்டுக்கும் மேலாக வீடியோப் பதிவை வைத்தே கணக்கெடுக்கிறார்கள். கொம்பின் வடிவம், கண்ணைச் சுற்றிய சுருக்கம், கழுத்து மடிப்பு, காது, பழைய வடு என்று பார்த்து ஒவ்வொன்றையும் அடையாளம் பிரிக்கிறார்கள். பெண்ணுக்குப் பெரும்பாலும் கொம்பு வெளித்தெரியாது. மடிப்பும் சுருக்கமும் துலங்காவிட்டால் எண்ணிக்கையே பிழைத்துவிடும்.

ஆக, நல்ல கமரா என்பது 'எந்த விலங்கு' என்ற கேள்வியோடு நிற்காமல் 'அதில் எது' என்பதற்கும் பதில் தர வேண்டும். சேருவில பக்கத்துச் சிறுத்தைக்கும் இதே சோதனைதான். சிறுத்தையின் இடப்பக்கப் புள்ளிகளும் வலப்பக்கப் புள்ளிகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. அதனால் பாதையின் இருபுறமும் இரண்டு கமரா வேண்டும். நேருக்கு நேர் கட்டினால் ஒன்றின் ஒளி மற்றதன் கண்ணைக் கூசவைக்கும், ஒரு மீற்றர் தள்ளிக் கட்டுங்கள்.

பெட்டியில் அச்சிட்ட மெகாபிக்சல் எண்ணைப் பொருட்படுத்த வேண்டாம். உள்ளே இருக்கும் சென்சர் அதைவிட மிகச் சிறியது; மிச்சத்தை மென்பொருள் இட்டு நிரப்புகிறது. கோப்பு பெருக்கிறதே தவிர, ஒரு சுருக்கம்கூடக் கூடுதலாகத் தெரியாது. குறைந்த அளவில் வைத்து, 20 முதல் 30 விநாடி வீடியோ எடுங்கள். விலங்கு திரும்பும்போது இரண்டு பக்கமும் கிடைக்கலாம். இரவில் எட்டு மீற்றருக்குள் படம் தெளிவு, அதற்கப்பால் மங்கல்.

இனி வெயில். இந்தக் கமராவை எழுப்புவது விலங்கின் அசைவு மட்டுமில்லை. உடலின் மேற்பரப்புச் சூட்டுக்கும் பின்னணியின் சூட்டுக்கும் உள்ள வேறுபாடு நகர்வதைத்தான் அதன் உணரி காண்கிறது. கச்சான் எனும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் நண்பகலில் குச்சவெளிப் பக்கத்து மணலும் பாறையும் ஏறக்குறைய உடற்சூட்டுக்கே வந்துவிடும். வேறுபாடு அழிந்துபோக, மான் குறுக்கே போனாலும் கமரா தூங்கும். அதே காற்றில் வெயில் பட்ட இலுக்குப் புல் ஆடினால் விழித்துக்கொள்ளும்! 32 ஜிபி அட்டை வெறும் புல்லால் நிரம்பிவிடும். பரிகாரம் உண்டு: முன்னால் நாலு மீற்றர் தூரத்துக்குப் புல்லையும் தாழ்ந்த கிளையையும் வெட்டுங்கள், வெட்டிய பிறகு உணர்திறனை 'கூடுதல்' நிலைக்கு ஏற்றுங்கள். கிழக்கு மேற்குப் பார்க்கக் கட்டாதீர்கள். காற்றில் ஆடாத தடித்த பாலை மரம் கிடைத்தால் வேறெதையும் தேட வேண்டாம்.

சார்ஜ் பண்ணும் பற்றரி இதற்கு ஒத்துவராது. அது ஒன்று 1.2 வோல்ட்தான் தரும், கமரா எதிர்பார்ப்பது 1.5. பகலில் ஓடும், இரவில் ஒளி மங்கி நடுவில் அணையும். 1.5 வோல்ட் லித்தியம் வாங்குங்கள். பற்றரி மாற்றியதும் திகதியும் நேரமும் சரிதானா என்று கட்டாயம் பாருங்கள். சில பெட்டிகளில் அவை தொடக்கத்துக்கே திரும்பிவிடும், பிறகு அந்தப் பதிவு கணக்கெடுப்புக்கு உதவாது.

உப்புக்காற்று பற்றரிச் சுருளைப் பச்சை பிடிக்க வைக்கும். மூடியின் இறப்பர் வளையத்தில் சிலிக்கன் கிறீஸ் மெல்லியதாகத் தடவி, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை வைத்தால் மாரி மழையும் தாங்கும். எறும்பு கூடு கட்டுவதும் குறையும். யானைதான் பெரிய சங்கடம். வில்லுக்கு, அதாவது காட்டுக்குள் நீர் தேங்கும் தாழ்நிலத்துக்கு, போகும் யானைப் பாதையில் இரும்புக் கூடு இல்லாமல் கட்டினால் பெட்டி மிஞ்சாது.

இருட்டில் படமெடுக்கக் கமரா வீசும் அகச்சிவப்பு ஒளி, அலைநீளத்தைப் பொறுத்து இரண்டு வகை. 850 நானோமீற்றர் ஒளி கூடுதல் தூரம் எட்டும், ஆனால் இருட்டில் செம்பொட்டாக மினுங்கும். 940 தூரம் குறைவு, கண்ணுக்குத் தெரியாது. நாங்கள் 940ஐயே சொல்லுவோம். விலங்கு இடறினால் வெடிக்கும் கட்டுத்துவக்கு வைக்க வருபவன் அந்தச் செம்பொட்டைக் கண்டால் கமரா மறுநாள் அங்கே இராது. உஜுங் குலோனில் ஆயுதத்தோடு உள்ளே போனவர்களைக் காட்டிக்கொடுத்ததும் இப்படிப்பட்ட கமராதான். அந்த வழக்குகளின் விசாரணையில், 2019 முதல் 2023 வரை 26 காண்டாமிருகங்கள் கொல்லப்பட்டதாக 2024இல் தெரியவந்தது. ஐம்பதே மிஞ்சிய இனத்தில் 26.

சரணாலய எல்லைக்குள் வனஜீவராசிகள் திணைக்கள அனுமதியின்றிக் கட்டாதீர்கள். கிடைத்த படத்தை முகநூலில் போடுவதென்றால் குளத்தின் பெயர், பாதையின் பெயர் எதையும் எழுதாமல், ஓரத்தில் இடப்பெயர் அச்சாகியிருந்தால் அதையும் வெட்டிவிட்டுப் போடுங்கள்.