ரெகுலேட்டர நானே பிரிச்சு சர்வீஸ் பண்றேன், ஆறு வருஷமா - பார்ட்ஸ் தேடி அலைஞ்ச கதை

பாண்டிச்சேரில டைவ் கத்துக்கிட்ட கையோட செகண்ட் ஹேண்டுல ஒரு ரெகுலேட்டர் வாங்குனேன், சிலிண்டர் காத்தோட பிரஷர கொறச்சு மூச்சு விடக் குடுக்கற சாமான். பர்ஸ்ட் ஸ்டேஜ் (சிலிண்டர்ல மாட்டற பாதி) அன்பேலன்ஸ்டு பிஸ்டன்னு சொல்ற எளிமையான டைப், உள்ள ஒரு பிஸ்டன், ஒரு ஸ்பிரிங், காத்து ஒழுகாம அடைக்கற ரப்பர் வளையம் (ஓரிங்) ரெண்டு மூணு, அவ்ளோதான். சைக்கிள் பம்ப் பிரிச்சுப் பாத்தவனுக்கு இதுவும் புரியும்.

மொத வருஷம் வெளில சர்வீஸ் குடுத்தேன், பில்லு நல்லா வந்துச்சு, கழட்டுன பழைய பார்ட்ஸ் எங்கன்னு கேட்டா தூக்கிப் போட்டாச்சுன்னாங்க. அடுத்த வருஷம் "அண்ணே, மாத்தற பார்ட்ஸ் இருக்கற கிட்டு மட்டும் குடுங்க, நானே மாத்திக்கறேன்"னு கேட்டேன். "அதெல்லாம் தர மாட்டாங்க தம்பி, ரெகுலேட்டர விட்டுட்டுப் போங்க." நிறைய கம்பெனில ரூல் அப்படித்தான், தண்ணிக்கடில மூச்சு விடற சாமான், கண்டவன் பிரிச்சு ஏதாச்சும் ஆனா கேஸ் நம்ம தலைலன்னு பயம். பயம் நியாயம்தான், ஆனா ஓரிங் கூட தர மாட்டேன்னா என்ன பண்றது.

ஓரிங்குக்கு அவங்க தேவையே இல்லன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. முக்கால்வாசி ஏஎஸ்568ங்கற ஓரிங் நம்பர் வரிசைல வர்ற ஸ்டாண்டர்டு சைஸ்தான். எல்பி (லோ பிரஷர்) ஹோஸ் போர்ட்டுக்கு 011, எச்பி (ஹை பிரஷர்) போர்ட்டுக்கு 012, சிலிண்டர் வால்வுல திருகி மாட்டற டின் (DIN) மூக்குல 112. சென்னை பாரிமுனை பக்கம் ஹைட்ராலிக் கடைல நம்பர் சொன்னா எடுத்துக் குடுக்கறாங்க, நம்பர் புரியலன்னா, 011க்கு உள்விட்டம் 7.65, தடிமன் 1.78 மில்லின்னு சொல்லணும். ஓரிங் செய்யற நைட்ரைல் ரப்பர்ல 70, 90னு ரெண்டு கடினம் இருக்கு, சிலிண்டர் பிரஷர் நேரா முட்டற எடத்துக்கு 90 கேட்டு வாங்குங்க. நான் மொதல்ல கேக்காம எல்லாத்தையும் 70ல வாங்கிட்டு வந்து, அப்புறம் மறுபடி பஸ் ஏறுனேன்.

கிரீஸும் அப்படித்தான், சாதா காத்துக்கு சிலிகான் கிரீஸ் போதும், ஆனா ஆக்சிஜன் ஜாஸ்தியா ஓட்டறவங்க அத தொடவே கூடாது, கிறிஸ்டோலூப் மாதிரி ஆக்சிஜனுக்குன்னே வர்றதுதான் போடணும்.

கழுத்தறுக்கறது சீட்டு. பிஸ்டன் நுனில காத்த அடைக்கற சின்ன பிளாஸ்டிக் பொட்டு, அது கம்பெனி பார்ட்டுதான், எந்தக் கடைலயும் கெடைக்காது. மூணாவது வருஷம் புது சீட்டு இல்லாம, பழச நைஸ் எமரி ஷீட்ல தேச்சு சமப்படுத்தி மாட்டுனேன் (பண்ணாதீங்க). ஐபி கேஜ் (பர்ஸ்ட் ஸ்டேஜ் கொறச்சு வெளிய விடற பிரஷர காட்டறது) மாட்டி சிலிண்டர தொறந்தா முள்ளு 9.5 பார்ல நின்னுச்சு, ஆகா ஜெயிச்சுட்டோம்னு டீ போடப் போனேன், திரும்பி வந்தா முள்ளு 11 தாண்டி மெதுவா ஏறிட்டிருக்கு, செகண்ட் ஸ்டேஜ் (வாய்ல கடிக்கற பாதி) "ஸ்ஸ்ஸ்"னு ஒழுகுது. வீட்லயே தெரிஞ்சுது, நல்ல காலம். இந்த கேஜ் இல்லாம ரெகுலேட்டர்ல கையே வைக்காதீங்க, முள்ளு ஒரு எடத்துல பூட்டுன மாதிரி நிக்கணும், ஏறக்கூடாது.

அப்புறம் ஐரோப்பால ஒரு ஆன்லைன் கடைல கிட்ட ஓப்பனா விக்கறான்னு தெரிஞ்சு, சிங்கப்பூர்ல இருக்க மச்சான் அட்ரஸுக்கு வரவெச்சு, அவன் தீபாவளிக்கு வரும்போது சாக்லேட் டப்பாக்குள்ள வச்சு எடுத்துட்டு வந்தான். ஒண்ணோட நிக்காம மூணு கிட்டா வாங்கிட்டேன், அந்த புத்தி மொதல்லயே வந்திருக்கணும்.

பிரிக்கறப்ப ஊசியால ஓரிங்க நோண்டாதீங்க, பித்தள காடில கீறல் விழுந்தா புது ஓரிங் போட்டாலும் ஒழுகும். நான் பல்குத்தும் குச்சிதான் வச்சுக்கறேன். மாட்டுனதும் மொத டைவ் அஞ்சு மீட்டர் தாண்டாம, பக்கத்துல ஆள் வச்சுக்கிட்டுதான்.

இப்ப ஒரு கிட்டு மிச்சம் இருக்கு. சிலிண்டர் பிரஷர் காட்டற கேஜ் ஹோஸோட சேர்ற ஸ்விவல்ல (சுத்தற இணைப்பு) பொடிப்பொடியா குமிழி வர ஆரம்பிச்சிருக்கு, அதுக்குள்ள இருக்க 003 ஓரிங் கடுகு சைஸ், போன தடவ ஒண்ணு தரைல விழுந்து இன்னும் கெடைக்கல. சனிக்கிழம பாரிமுனை போறேன், பத்தா வாங்கணும்.