‘70 அம்பியர்’ என்று ஒட்டியிருந்த பெட்டி

மடிக்கணினித் திரையில் காருக்கான மென்பொருள் ஏற்றம் 41 சதவீதத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது காரின் ரேடியேட்டர் மின்விசிறி தானாகச் சுழலத் தொடங்கியது. அடுத்த நொடி, பற்றரி இறங்காமல் தாங்க அதில் மாட்டியிருந்த மின்வழங்கியின் இரைச்சல் நின்றது. ‘டிக்’ என்று ஒரு சத்தம். மறுபடி இரைச்சல், மறுபடி ‘டிக்’. மடிக்கணினியில் தொடர்பு அறுந்துவிட்டது.

கொட்டாஞ்சேனையில் சிறிய கராஜ் வைத்து வாகன மின்வேலையும் புரோகிராமிங்கும் செய்கிறேன். அன்று என் முன்னால் நின்றது வெள்ளவத்தையிலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் ஜெர்மன் கார். புதிய மென்பொருளை ஏற்றும்போது, காரின் கணினியான கட்டுப்பாட்டுப் பெட்டியில் உள்ள பழையது முதலில் அழிக்கப்படும். பிறகுதான் புதியது எழுதப்படும். நடுவில் மின்சாரம் தடுமாறினால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. கார் உயிரற்றுக் கிடந்தது. “தம்பி, இரண்டு மணிக்குப் பேத்தியைப் பள்ளிக்கூடத்திலிருந்து ஏற்ற வேண்டுமே” என்றார். “சேர், முச்சக்கர வண்டி பிடித்துத் தருகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள்” என்பதைத் தவிர எனக்கு வேறு சொல் வரவில்லை.

அந்த மின்வழங்கியை வாங்கி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. 2022இல் ரூபாய் சரிந்த பிறகு, இந்த வேலைக்கென்றே செய்யப்பட்ட வெளிநாட்டுக் கருவிகளின் விலை என்னைப் போன்றவர்களுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. அதனால்தான் வீட்டில் செய்த மின்வழங்கிகளுக்குக் கொழும்பில் இவ்வளவு கிராக்கி. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் அறிமுகமான ஒருவர், தானே செய்தது என்று காட்டினார். கறுப்பு வண்ணம் பூசிய தகரப் பெட்டி, சிவப்பு எண்களில் வோல்ற்றளவு காட்டும் சிறிய திரை, ‘13.8 வோல்ற், 70 அம்பியர்’ என்ற ஒட்டி. “அண்ணன், சுமை கொடுத்துப் பார்த்தீர்களா?” என்று கேட்டேன். “பத்துக் கராஜுக்குக் கொடுத்திருக்கிறேன் தம்பி, ஒருவரும் திருப்பிக் கொண்டு வரவில்லை” என்றார். நான் கேட்டதற்கு அது பதிலே இல்லை என்பது அன்றே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பணத்தைக் கொடுத்தேன். பற்றுச்சீட்டும் வாங்கவில்லை.

அன்று இரவு மூடியைக் கழற்றினேன். உள்ளே இருந்தது, விளம்பரப் பலகை விளக்குகளுக்குப் பயன்படும் துளைத் தகடு மூடிய சாதாரண மின்வழங்கி. அதன் பக்கவாட்டில் 12 வோல்ற், 30 அம்பியர், 360 வாற் என்று அச்சிட்டிருந்ததை யாரோ சுரண்டியிருந்தார்கள். வெளிச்சத்தில் சரித்துப் பிடித்தால் இன்னும் படிக்கலாம். வோல்ற்றளவைக் கூட்டும் சிறு திருகு கடைசிவரை திருகப்பட்டிருந்தது. வெளியே வரும் வயரைக் கத்தியால் சுரண்டினேன். செப்பு நிறம் மேல் தோலோடு போய்விட்டது. உள்ளே வெள்ளை வெளேரென்று அலுமினியம். இரண்டரைச் சதுர மில்லிமீற்றர் தடிப்பில், போகும் வயரும் திரும்பும் வயரும் ஒவ்வொன்றும் இரண்டு மீற்றர் நீளம். 30 அம்பியர் ஓடினால் அந்த வயரிலேயே ஒரு வோல்ற்றுக்கு மேல் காணாமல் போய்விடும். பெட்டியின் திரை 13.6 காட்டிக்கொண்டிருக்கும்போது பற்றரிக்கு 12.3தான் போய்ச் சேரும். திரை பொய் சொல்லவில்லை. அது அளக்கும் இடம்தான் தவறு.

எல்லாவற்றையும்விட என்னை நடுங்க வைத்தது பிளக். மூன்று முள் இருந்தும் புவித்தொடுப்பு (எர்த்) வயர் உள்ளே எதிலும் இணைக்கப்படாமல் வெட்டி விடப்பட்டிருந்தது. பெட்டியைத் தொடும்போதெல்லாம் விரலில் சுர்ரென்றதை நான் ஈரக் கை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஒரு காப்பு பழுதடைந்தால் 230 வோல்ற்றும் அந்தத் தகரத்தில் நிற்கும். என் கராஜில் பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் வேலை பழகுகிறான். இதை மட்டும் அந்த மனிதரால் என்னிடம் நியாயப்படுத்தவே முடியாது.

மறுநாள் போய்க் கேட்டேன். “உங்கள் பற்றரி பழையதாக இருந்திருக்கும்” என்றார். பற்றரி பழையதுதான், அதற்காகத்தானே மின்வழங்கி என்றேன். பணம் திரும்பவில்லை. முறைப்பாடு செய்ய நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. ஆனால் காட்ட என் கையில் ஒரு துண்டுச் சீட்டுக்கூட இல்லை. கட்டுப்பாட்டுப் பெட்டியை வெளியே எடுத்து, இந்த வேலை தெரிந்த நண்பர் ஒருவர் மூன்று நாள் உழைத்து உயிர்ப்பித்தார். செலவை நானே ஏற்றேன்.

நீங்கள் வாங்கினாலும் செய்தாலும், வாடிக்கையாளரின் காரில் மாட்டுவதற்கு முன் சுமை கொடுத்துப் பாருங்கள். 55 வாற் ஹெட்லைட் பல்ப் ஒன்று ஏறத்தாழ நாலரை அம்பியர் இழுக்கும். ஒன்பது பல்ப் போட்டால் 40. குளிர்ந்த பல்ப் முதல் கணத்தில் பல மடங்கு இழுக்கும் என்பதால் ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். மல்டிமீற்றரைப் பெட்டியில் வைக்காமல் வயரின் மறுமுனைக் கிளிப்பில் வையுங்கள். நான் பிறகு சோதித்தபோது ஏழாவது பல்பில் வோல்ற்றளவு தொய்ந்தது, எட்டாவதில் ‘டிக்’. அரை மணி நேரம் எல்லாம் எரிந்தும் 13 வோல்ற்றுக்குக் கீழே இறங்காவிட்டால்தான் நம்பலாம். வயர் அசல் செம்பாக, 16 சதுர மில்லிமீற்றராவது இருக்கட்டும். மின்வழங்கி இருக்கிறதே என்று காரின் பற்றரியை ஒருபோதும் கழற்றாதீர்கள். வீதியில் மின்சாரம் போனால் தாங்குவது அதுதான்.

பழைய சேர்வர் (பெரிய நிறுவனக் கணினி) மின்வழங்கிகளை வைத்தும் சிலர் செய்கிறார்கள். அவை நல்ல பலமுள்ளவை, ஆனால் பெரும்பாலும் 12 வோல்ற்றை ஒட்டியே கொடுக்கும். நிறைந்த பற்றரியே 12.6இல் நிற்பதால், அது இறங்கும்வரை அந்த மின்வழங்கி சும்மாதான் இருக்கும். 13.5க்கு உயர்த்த உள்ளே கைவைக்க வேண்டும். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே உள்ள கொள்ளளவிகளில் (கப்பாசிற்றர்களில்) 300 வோல்ற்றுக்கு மேல் தேங்கி நிற்கும். பழக்கமில்லாதவர்கள் தொட வேண்டாம். 24 வோல்ற் எடுக்க இரண்டைத் தொடராக இணைத்து, ஒன்றின் புவித்தொடுப்பை வெட்டிவிடச் சொல்லும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

அந்தக் கறுப்புப் பெட்டியை மூடியில்லாமல் என் மேசையில் வைத்திருக்கிறேன். சுரண்டிய எண்களையும் வெட்டிய வயரையும் பார்க்க நினைக்கும் தொழில்காரர்கள் எப்போது வேண்டுமானாலும் வரலாம்.