மின்மினி ஜாடி விளக்கு: வாங்கும் முன் மூடியைக் கழற்றிப் பாருங்கள்

ஒரு கண்ணாடி ஜாடி. அதற்குள் மெல்லிய செம்புக் கம்பியில் கோத்த துளித்துளி விளக்குகள். மூடிமேல் தீப்பெட்டி அளவுக்கு ஒரு சோலார் தகடு. மின்மினி ஜாடி விளக்கு என்று விற்கிற பொருள் இவ்வளவுதான். பெட்டிமேல் எழுதியிருப்பதோ சின்ன வயதுக் கோடை இரவைப் பற்றி. பாட்டிலில் பிடித்த மின்மினியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்த எவரையும் அந்த வரி இழுத்துவிடும். ஆகவே இதை அலங்கார விளக்காக மட்டும் எடைபோட்டால் போதாது, மின்மினி மாதிரி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் கடையில் கிடைப்பதில் பெரும்பாலானவை தேறாது. தேறுகிற வகை ஒன்று இருக்கிறது.

முதலில் மின்னும் விதம். நிஜ மின்மினி எரிந்துகொண்டே இருப்பதில்லை. அடிவயிற்றின் கடைசிக் கணுக்களில் லூசிஃபெரின் என்ற பொருள் ஆக்சிஜனோடு சேரும்போது ஒளி பிறக்கிறது. அதை விட்டுவிட்டுப் பளிச்சிட வைத்து ஜோடி தேடுகிறது பூச்சி. வட அமெரிக்காவில் பரவலாக இருக்கும் ஃபோட்டினஸ் பைராலிஸ் இனத்தை எடுத்துக்கொண்டால், பறக்கும் ஆண் சுமார் 6 நொடிக்கு ஒருமுறை, ஒரு நொடிக்கும் குறைவாக மின்னும். புல்லில் உட்கார்ந்திருக்கும் பெண் ஏறக்குறைய 2 நொடி கழித்துப் பதில் கொடுக்கும். புல்வெளியில் நிறைய பூச்சிகள் இருந்தாலும் ஒரு நேரத்தில் கண்ணில் படுவது சிலதான். இங்கே மின்னியது அணைந்து, அடுத்தது எங்கே என்று தலை திரும்பும். சின்ன வயதில் நம்மை இருட்டுக்குள் ஓடவைத்தது அந்தத் தேடல்தான்.

ஜாடி விளக்குகளில் மூன்று வகை வருகின்றன. ஒன்று, அணையாமல் எரிவது. இரண்டாவது, மூடிக்குள் இருக்கும் ஒரே சில்லு (சிப்) எல்லா விளக்கையும் சேர்த்தோ, இரண்டு கட்சியாகப் பிரித்தோ மின்ன வைப்பது. மூன்றாவதில் ஒவ்வொரு எல்.இ.டி.க்குள்ளும் தனியாக ஒரு சிறு சில்லு இருக்கும். வாங்க வேண்டியது இந்த மூன்றாவதுதான். பெட்டியில் இந்த விவரம் பெரும்பாலும் இருக்காது, ஸ்விட்சைப் போட்டு மூன்று நிமிடம் பொறுமையாகப் பாருங்கள். தனிச் சில்லு இருந்தால் முதலில் எல்லாம் ஒன்றாகத்தான் மின்னும். ஒவ்வொரு சில்லின் வேகமும் நூலிழை வித்தியாசப்படுவதால் கொஞ்ச நேரத்தில் ஒன்று முந்தும், ஒன்று பிந்தும், பிறகு எதுவும் எதோடும் சேராது. மூன்று நிமிடம் கழித்தும் தாளம் தப்பாமல் மின்னினால் அது இரண்டாவது வகை. ஒரே தாளத்தில் மின்னும் மின்மினி இனங்களும் உண்டுதான், ஆனால் மரம் முழுக்க ஆயிரக்கணக்கில் அடைந்து மின்னும்போது கிடைக்கும் அழகு கைக்கடக்கமான ஜாடியில் வராது.

எண்ணிக்கை கூடினால் அழகு கூடும் என்று 20, 30 விளக்கு போட்டு விற்கிறார்கள். ஒரு லிட்டர் ஜாடிக்கு 6 முதல் 8 போதும். அதிகம் இருந்தால் கருப்பு இன்சுலேஷன் டேப்பைச் சின்னதாக நறுக்கி, வேண்டாத விளக்குகளைச் சுற்றி மூடிவிடுங்கள். கம்பியை வெட்டாதீர்கள். வெட்டினால் அதற்கு அப்பால் இருப்பவை அத்தனையும் போய்விடும்.

நிறத்தில்தான் எல்லாத் தயாரிப்பாளர்களும் கோட்டைவிடுகிறார்கள். விற்பது மஞ்சள் கலந்த வெள்ளை. பல மின்மினி இனங்களின் ஒளி 550 முதல் 570 நானோமீட்டர் வரையிலான மஞ்சள் பச்சை. கண்ணாடி ஓவியத்துக்கு விற்கும் ஒளி ஊடுருவும் பெயின்டில் மஞ்சள் மூன்று பங்கு, பச்சை ஒரு பங்கு கலந்து, பல்குச்சி நுனியில் தொட்டு ஒவ்வொரு விளக்குமேலும் ஒரு துளி வைத்து, ஒரு நாள் காயவிடுங்கள். நிறமும் நெருங்கிவரும், கண்ணைக் குத்தும் வெளிச்சமும் தணியும். ஜாடி தெளிந்த கண்ணாடியாக இருக்கட்டும். பால்கண்ணாடி கம்பியை மறைக்கும், ஆனால் புள்ளி ஒளியை மாவு மாதிரி கரைத்துவிடும்.

இனி மூடிக்குள். பொதுவாக 2 வோல்ட் தகடு, சார்ஜ் ஏற்றக்கூடிய 1.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி ஒன்று, நாலு கால் சில்லு, ரெசிஸ்டர் போலவே நிறப்பட்டை போட்ட ஒரு சுருள். இந்த எல்.இ.டி. எரிய 3 வோல்ட் அளவுக்கு வேண்டும், 1.2 வோல்ட்டை அந்த உயரத்துக்கு ஏற்றுவது சில்லும் சுருளும். தகடு நல்ல வெயிலில் 40 மில்லிஆம்பியர் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 5 மணி நேர வெயிலுக்கு 200 மில்லிஆம்பியர் மணி, சேதாரம் போக 150. விளக்கு 20 மில்லிஆம்பியர் இழுத்தால் ஏழரை மணி நேரம் எரியும். மேகமூட்டத்தில் வரவு ஐந்தில் ஒன்றாகக் குறைந்தால் ஒன்றரை மணி நேரம்தான். பெரிய பேட்டரி போட்டாலும் இது மாறாது, ஏனென்றால் தகடு அதை நிரப்பப் போவதில்லை.

தகடுதான் இதற்குக் கண்ணும்கூட. தகட்டில் வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தால் சில்லு விளக்கை எரியவிடாது. இருட்டியும் எரியவில்லை என்ற புகாருக்கு அடிக்கடி காரணம் பக்கத்தில் எரியும் இன்னொரு விளக்கு. உள்ளங்கையால் தகட்டை மூடிப் பாருங்கள், எரிந்தால் ஜாடியில் கோளாறு இல்லை. எரியாவிட்டால் ஒரு நாள் வெயிலில் வைத்து, பேட்டரியை வோல்ட் அளக்கும் மீட்டரில் பாருங்கள். 1.2-க்கு மேல் காட்டினால் கோளாறு பெரும்பாலும் கம்பியில். செம்புக் கம்பிமேல் இருக்கும் மெல்லிய பூச்சு, மூடியின் மரையில் உரசி உரிந்து, இரண்டு கம்பியும் தொட்டுக்கொண்டிருக்கும். விலக்கிவிட்டு உரிந்த இடத்தில் நகப்பாலிஷ் தடவினால் சரியாகிவிடும். 1 வோல்ட்டுக்குக் கீழே நின்றால் பெரும்பாலும் பேட்டரி செத்திருக்கும். அதே வகையில் புதிது போடுங்கள். சாதாரண 1.5 வோல்ட் பேட்டரியைப் போட்டால் பகலில் தகடு அதையும் சார்ஜ் செய்யப் பார்க்கும், அது கசிந்து முனைகளை அரித்துவிடும். பேட்டரியைப் பசை போட்டு ஒட்டிய மூடியை வாங்காதீர்கள், பேட்டரி போனால் விளக்கே போயிற்று. பட்டன் பேட்டரியில் ஓடும் மலிவு ஜாடி என்றால், அந்த அறை திருகாணி போட்டு மூடியதாக இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். குழந்தை விழுங்கினால் உணவுக்குழாயே வெந்து புண்ணாகும், உயிருக்கே ஆபத்து.

மூடிக்கு அடியில் ரப்பர் வளையம் இல்லாவிட்டால் ஈரம் உள்ளே போய் ஸ்விட்சும் முனைகளும் பச்சை பூத்துவிடும். தூசியும் தண்ணீரும் எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் ஐ.பி. எண்ணைப் பாருங்கள்: ஐ.பி. 44 என்றால் சாரல் தாங்கும், ஐ.பி. 65 என்றால் மழையும் தாங்கும். தகட்டின் மேல்பூச்சு வெயிலில் மஞ்சளாகி மங்கினால் 2000 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, துடைத்து, நிறமற்ற நகப்பாலிஷ் ஒரு பூச்சு கொடுங்கள்.

தோட்டத்தில் நிஜ மின்மினி வருகிறதென்றால் இந்த விளக்கை வெளியே வைக்கவே வேண்டாம். செயற்கை வெளிச்சத்தில் ஆணின் சமிக்ஞை பெண்ணுக்குத் தெரியாமல் போகும், ஜோடி சேராது, அடுத்த வருடம் பூச்சி குறையும். வீட்டுக்குள் வைத்துத் திரையை இழுத்துவிடுங்கள். மின்மினியின் புழுக்கள் பல இனங்களில் ஓரிரு வருடம் ஈர மண்ணிலும் இலைச்சருகிலும் நத்தை, மண்புழு தின்று வளர்கின்றன. சருகை முழுக்கக் கூட்டி எரிக்காமல், பூச்சிமருந்து தெளிக்காமல் இருந்தால் அவை பிழைக்கும்.

விளக்கு பழுதானால் ஜாடியை வீசிவிடாதீர்கள். நன்றாகக் கழுவி, ஈரப்புல் நாலு இழை போட்டு, இரண்டே மின்மினிகளை உள்ளே விட்டு, மூடிக்குப் பதில் வலைத்துணி கட்டிக் குழந்தைகளுக்கு அரைமணி நேரம் காட்டலாம். பிறகு பிடித்த இடத்திலேயே துணியை அவிழ்த்து, ஜாடியைப் புல்லில் சாய்த்து வையுங்கள். பூச்சி தானாகவே விளிம்புக்கு ஏறி வந்து, முன்சிறகைத் தூக்கிப் பிரித்துப் பறந்துவிடும்.